காரை உதிர்த்த சுவர்கள்: மாசசூசெட்ஸ் பண்ணை வீடு ஒன்றில் பொதுமக்கள் பார்வை நாள்

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் எசெக்ஸ் மாவட்டத்தில், 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்டு இப்போது பழுதுபார்க்கப்பட்டு வரும் ஒரு பண்ணை வீட்டை, ஜூன் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் காலை பத்து மணி முதல் மாலை மூன்று மணி வரை பொதுமக்கள் பார்வைக்குத் திறந்து விட்டிருந்தார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. விரும்புகிறவர்கள் வாசலில் இருந்த மரப்பெட்டியில் பத்து டாலர் போடலாம் என்று எழுதி வைத்திருந்தார்கள். நானும் பதினொரு வயதான என் மகளும் பத்தேகாலுக்குப் போய்ச் சேர்ந்து, கதவைச் சாத்தும் வரை அங்கேயே இருந்தோம். வீட்டின் பெயரை இங்கே குறிப்பிடப் போவதில்லை. நிறையோடு குறையும் எழுத வேண்டியிருக்கிறது. அதை நடத்துகிறவர்களோ ஊதியம் எதிர்பாராமல் தங்கள் வார இறுதிகளை அந்த வீட்டுக்குக் கொடுத்திருக்கும் உள்ளூர் வரலாற்றுச் சங்கத்தார். இதே மாவட்டத்தில் இப்படிப்பட்ட வீடுகள் பல இருப்பதால், அவற்றில் எதற்குப் போகிறவர்களுக்கும் நான் எழுதுவது உதவும் என்று நம்புகிறேன்.

அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்தில் ஆங்கிலேயக் குடியேறிகள் ஏறத்தாழ 1625 முதல் 1725 வரை கட்டிய மரச்சட்ட வீடுகளைக் கட்டடக்கலை அறிஞர்கள் ‘முதற்கால வீடுகள்’ என்று வகைப்படுத்துகிறார்கள். அவற்றில் மிஞ்சியிருப்பவை நெருக்கமாகக் கூடியிருப்பது எசெக்ஸ் மாவட்டத்தில்தான்; இங்குள்ள இப்ஸ்விச்சில் இருக்கும் அளவுக்கு அமெரிக்காவின் வேறெந்த ஊரிலும் இல்லை. நாங்கள் போன வீடும் அந்த வகையின் இலக்கணத்துக்குள் அடங்குவதே. நடுவில் பெரிய செங்கல் புகைபோக்கி, அதன் இருபுறமும் கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை, பின்னால் ஒரு தலைமுறை கழித்துச் சேர்த்த சாய்ப்பு அடுக்களை என்ற அமைப்பு அது. சாய்ப்பு சேர்ந்ததால், கூரை முன்புறம் இரண்டு மாடி உயரத்தில் தொடங்கிப் பின்புறம் ஆள் எட்டித் தொடும் உயரம் வரை சரிந்து இறங்குகிறது. பழைய அடுக்களைகளில் உப்பு வைத்த மரப்பெட்டியின் மூடியைப் போல் இருப்பதால், இந்த வடிவத்தை அந்த ஊர்க்காரர்கள் உப்புப்பெட்டி வீடு என்றே சொல்கிறார்கள்.

பழைய வீடுகளைப் பார்க்கும் பழக்கம் எனக்குப் பல ஆண்டுகளாக உண்டு. வேலை முடிந்து, தரை மெழுகப்பட்டு, கட்டிலில் கைத்தறிப் போர்வை விரித்து, கயிறு கட்டி வைத்த அறைகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன். அங்கே நமக்குக் காட்டப்படுவது ஒருவர் எடுத்த முடிவின் விளைவு. அந்த முடிவுக்கு ஆதாரமாக இருந்தவை காரைக்கு உள்ளேயும் வண்ணப்பூச்சுக்கு அடியிலும் மறைந்துவிடுகின்றன. பழுதுபார்ப்பு நடக்கும் வீட்டிலோ அந்த ஆதாரங்கள் கண்முன் கிடக்கின்றன, முடிவுகளும் இன்னும் எடுத்து முடியவில்லை. சேலம் நகரில், 1665இல் கட்டப்பட்ட கெட்னி இல்லத்தை ஹிஸ்டாரிக் நியூ இங்கிலாந்து என்ற பழங்கட்டடப் பாதுகாப்பு நிறுவனத்தார் இந்தக் காரணத்துக்காகவே தளவாடம் எதுவும் போடாமல், மரச்சட்டம் வெளியே தெரியும்படி, படிப்பதற்குரிய வீடாக வைத்திருக்கிறார்கள். எங்கள் பண்ணை வீடு வேலை முடியும் வரை மட்டுமே அப்படி இருக்கப் போகிறது. அந்தக் குறுகிய காலத்துக்குள் பொதுமக்களை உள்ளே விட வேண்டும் என்று நினைத்ததற்காகவே சங்கத்தாரை முதலில் பாராட்ட வேண்டும். தலைக்கவசம் வாங்கி அடுக்கி, காப்பீட்டுக்கு ஏற்பாடு செய்து, ஒரு நாள் வேலையை நிறுத்தி அவர்கள் இதைச் செய்தார்கள்.

நாளின் சிறந்த பகுதி வீட்டுக்கு வெளியே, தெற்குச் சுவரின் அடியில் நடந்தது. மரச்சட்ட வீட்டில் கல் அடித்தளத்தின் மேல் படுத்திருக்கும் கீழ்ச்சட்டம்தான் எல்லாத் தூண்களையும் தாங்குவது. மண்ணுக்கும் மழைச் சாரலுக்கும் பக்கத்தில் இருப்பதால் முதலில் மக்குவதும் அதுதான். இந்த வீட்டின் தெற்குக் கீழ்ச்சட்டத்தில் ஏறத்தாழ எட்டடி நீளம் கையால் பிசைந்தால் பொடியாகும் நிலைக்கு வந்துவிட்டிருந்தது. தச்சர் மேல்சுவரைத் திருகு முட்டுகளால் தாங்கி நிறுத்தி, மக்கிய பகுதியை மட்டும் அறுத்தெடுத்து, அதே அளவில் புதிய வெள்ளை ஓக் மரத்தைச் சாய்வெட்டுப் பிணைப்பால் பழைய மரத்தோடு சேர்த்துக்கொண்டிருந்தார். முழுச் சட்டத்தையும் மாற்றிவிட்டால் வேலை எளிதாக முடிந்திருக்காதா என்று ஒருவர் கேட்டார். அதற்குத் தச்சர் பதில் சொல்லாமல், பழைய மரத்தின் உட்பக்கத்தில் விளக்கைச் சாய்த்துப் பிடித்தார். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்ததும், கோடாரியால் செதுக்கிய சிறிய பள்ளங்கள் மீன் செதில் போல வரிசையாக எழுந்து தெரிந்தன. ஒரே ஆள், ஒரே கை, வலமிருந்து இடமாக நகர்ந்துகொண்டே செதுக்கியிருப்பதை அந்த வரிசையிலிருந்தே படிக்க முடிந்தது. நல்ல மரத்தை எதற்காகத் தூக்கி எறியக்கூடாது என்பதற்கு அதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் கேட்டதில்லை.

பிறகு அவர் கழுந்தையும் பொளியையும் இணைக்கும் முறையைக் காட்டினார். இந்த வீடுகளின் சட்டங்களை ஆணி தாங்குவதில்லை. ஒரு மரத்தின் முனையைக் கழுந்தாகச் செதுக்கி, மற்றொன்றில் வெட்டிய பொளிக்குள் இறக்கி, இரண்டையும் குறுக்கே துளைத்து ஓக் முளை அடிக்கிறார்கள். நுட்பம் அந்தத் துளையில் இருக்கிறது. கழுந்தில் போடும் துளை, பொளியில் இருக்கும் துளைக்கு நேராக இருக்காது. கழுந்தின் அடிப்பக்கமாக ஒரு நூலளவு தள்ளியிருக்கும். முளையை அடிக்கும்போது அது வளைந்து, நேராக இல்லாத அந்த இரண்டு துளைகளுக்கும் நடுவே நுழைந்து, கழுந்தை உள்ளே இழுத்துப் பூட்டிவிடுகிறது. முளையும் ரம்பத்தால் அறுத்ததாக இருக்கக்கூடாது, நார் வழியே பிளந்ததாக இருக்க வேண்டும். அறுத்த முளையில் நார் குறுக்கே வெட்டுப்பட்டிருப்பதால் வளையும்போது முறிந்துவிடும். அவர் என் மகளிடம் மரச் சுத்தியலைக் கொடுத்து, ஒரு மாதிரி மூட்டில் முளையை அடிக்கச் சொன்னார். முதல் சில அடிகள் மந்தமாக விழுந்தன. முளை கழுந்தைக் கவ்விய கணத்தில் ஒலி மாறியது. மண்பானையைத் தட்டியது போன்ற ஓசை மணியோசையாக ஆயிற்று, இரண்டு மரங்களுக்கும் இடையே இருந்த மயிரிழை வெளிச்சமும் மறைந்தது. “இப்போது காது சொல்கிறது, கண் பார்க்க வேண்டியதில்லை” என்றார் தச்சர். திரும்பி வரும் வழியெல்லாம் என் மகள் அந்த ஒலி மாறியதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள்.

உள்ளே, கீழ்த்தளத்துப் பெரிய அறையில், கூரையின் நடுவே ஓடும் தடித்த உத்தரம் முழுமையாகத் தெரிந்தது. அதன் கீழ் விளிம்புகளைச் சாய்வாகச் சீவி, இரு முனைகளிலும் அந்தச் சீவலை ஆட்டு நாக்கு போல் வளைத்து முடித்திருக்கிறார்கள். அலங்காரம் இதைத் தவிர வேறில்லை. மேலே தூணும் உத்தரமும் சேரும் இடத்தில் தூண் அகன்று, துப்பாக்கியின் கட்டையைத் தலைகீழாக நிறுத்தியது போல் இருக்கிறது. மூன்று மரங்கள் ஒரே இடத்தில் பிணைய இடம் வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. மூட்டுகளின் அருகே உளியால் வெட்டிய ரோமன் எண்கள் இருந்தன. தச்சர்கள் சட்டங்களை முதலில் தரையில் பரப்பி ஒவ்வொரு மூட்டையும் பொருத்திப் பார்த்து, எது எதோடு சேரும் என்பதற்கு அடையாளம் வெட்டிவிட்டுப் பிரித்து, பிறகு ஊர்க்காரர்களைக் கூட்டி எழுப்பியிருக்கிறார்கள். நான்கைக் குறிக்க நான்கு நேர்க்கோடுகளே வெட்டியிருந்தது எங்கள் கவனத்தில் பட்டது. உளிக்கு அதுதான் சுலபம்.

இந்த வீட்டின் வயதை எப்படி அறிந்தார்கள் என்பதை விளக்கிய மேசை, எளிமையாக இருந்தும் சிறப்பாக இருந்தது. பென்சில் பருமனுள்ள மாதிரிகளை உத்தரங்களிலிருந்து துளைத்தெடுத்து, ஆண்டு வளையங்களின் அகலத்தை அளந்து, அந்தப் பகுதி ஓக் மரங்களுக்கு ஏற்கெனவே தொகுத்து வைத்திருக்கும் வரிசையோடு ஒப்பிடுகிறார்கள். வறண்ட ஆண்டில் வளையம் ஒடுங்கும், மழை நன்கு பெய்த ஆண்டில் விரியும். அந்த ஏற்ற இறக்க வரிசை ஒரு காலத்துக்கு இருந்தது போல் இன்னொரு காலத்துக்கு இருக்காது. பட்டை ஒட்டியிருந்த கடைசி வளையம் மாதிரியில் கிடைத்துவிட்டால், மரம் வெட்டப்பட்ட ஆண்டை மட்டுமல்லாமல் பருவத்தையும் சொல்லிவிடலாம். அந்தக் காலத்தில் மரத்தை உலர வைக்காமல் பச்சையாகவே செதுக்கினார்கள் என்பதால், வெட்டிய ஆண்டுக்கும் வீடு எழுந்த ஆண்டுக்கும் பெரிய இடைவெளி இருக்காது. டெதம் ஊரிலுள்ள ஃபேர்பேங்க்ஸ் இல்லத்தின் மரங்கள் 1637க்கும் 1641க்கும் இடையில் வெட்டப்பட்டவை என்று நிறுவியதும் இந்த முறைதான். வட அமெரிக்காவில் நின்றுகொண்டிருக்கும் மரச்சட்ட வீடுகளில் மிகப் பழையது அதுவே. நாங்கள் பார்த்த வீட்டுக்கு அதன் உரிமையாளர்களின் குடும்பக் கதையில் சொல்லப்பட்டு வந்த ஆண்டு, வளையங்கள் சொன்ன ஆண்டைவிட ஒரு தலைமுறை முந்தியது. அந்தச் செய்தியைச் சங்கத்தார் மறைக்காமல் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். பழமையைக் கூட்டிச் சொல்வதில் பெருமை கொள்ளும் வழக்கம் பல இடங்களில் இருப்பதால், இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

புகைபோக்கியை ஒட்டிய சுவரில் ஒரு சன்னல் அளவுக்குக் காரையைப் பெயர்த்து, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகட்டால் மூடியிருந்தார்கள். குனிந்து பார்த்தால், பிளந்த ஓக் பட்டிகள், அவற்றின் இடுக்குகளில் பிதுங்கி உறைந்த சுண்ணாம்புச் சாந்து, சாந்துக்குள் செம்பழுப்பு நிறத்தில் மாட்டு மயிர் எல்லாம் தெரிந்தன. மயிர் சாந்தைப் பிடித்து வைக்கும் நாராகச் சேர்க்கப்பட்டது. கடற்கரை ஓரத்து ஊர்களில் சுண்ணாம்புக்குச் சிப்பி ஓடுகளைச் சுட்டார்கள். இந்தச் சாந்திலும் நகக்கண் அளவில் வேகாத ஓட்டுத் துணுக்கு ஒன்று வெள்ளையாகப் பதிந்திருந்தது. அதைப் பார்க்க நான் இரண்டு முறை வரிசையில் நின்றேன். புகைபோக்கியின் மேற்பகுதியில் ஒரு பழைய தவறையும் காட்டினார்கள். போன நூற்றாண்டில் யாரோ செங்கற்களின் இடுக்குகளைச் சிமெண்டால் பூசியிருக்கிறார்கள். பழைய செங்கல் மென்மையானது. அதைவிட மென்மையான சுண்ணாம்புச் சாந்து இருந்தால் ஈரம் சாந்தின் வழியே வெளியேறும், தேய்வதும் சாந்தாகவே இருக்கும். கடினமான சிமெண்ட் வழியை அடைத்துவிட, ஈரம் செங்கல்லுக்குள்ளேயே தங்கி, குளிர்காலத்தில் உறைந்து விரிந்து, செங்கல்லின் முகத்தைப் பெயர்த்துவிட்டது. இப்போது அந்தச் சிமெண்டை விரல் விரலாகக் கொத்தியெடுத்துவிட்டுச் சுண்ணாம்பு பூசுகிறார்கள். மெதுவான வேலை, ஆனால் வேறு வழியில்லை.

பிள்ளைகளுக்கான மேசையில் ஆணிகளையும் பலகைத் துண்டுகளையும் தொட்டுப் பார்க்க வைத்திருந்தார்கள். கொல்லன் ஒவ்வொன்றாக அடித்த ஆணியின் தலையில் சுத்தியல் முகங்கள் ரோஜா இதழ் போல் இருக்கும். 1790களுக்குப் பின் வந்த, இரும்புத் தகட்டிலிருந்து இயந்திரம் வெட்டிய ஆணி சதுரமாக இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரவிய கம்பி ஆணி உருண்டையாக இருக்கும். பலகையிலும் அப்படியே, மேலும் கீழும் ஓடும் ரம்பம் நேர்க்கோடுகளை விடும், பின்னால் வந்த வட்ட ரம்பம் வில் போன்ற கோடுகளை விடும். இந்த இரண்டையும் கற்றுக்கொண்ட பிள்ளைகள் வீடு முழுக்க ஓடி, எந்தக் கதவு பிந்தியது, எந்தத் தரைப் பலகை மாற்றப்பட்டது என்று தாங்களாகவே கண்டுபிடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு விளக்கப் பலகை வைத்தாலும் இது வராது.

சன்னல்களைப் பற்றிய விவாதத்துக்கு நான் அதிக நேரம் கொடுத்தேன். முகப்பில் இருப்பவை ஈயச் சட்டத்தில் வைரவடிவச் சிறு கண்ணாடிகள் பதித்த, வெளிப்பக்கம் திறக்கும் சன்னல்கள். பார்ப்பவர்களுக்கு உடனே பழமையை உணர்த்துபவை அவை. ஆனால் அவை 20ஆம் நூற்றாண்டின் முதற்பகுதியில் வீட்டை மீட்டமைத்தவர்கள், இப்படித்தான் இருந்திருக்கும் என்று கருதி வைத்தவை. அவற்றுக்கு இடம் கொடுப்பதற்காக 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, மேலும் கீழும் நகரும் சன்னல்களை அப்போது கழற்றிவிட்டார்கள். அவற்றில் இரண்டு மேல்பரணில் பத்திரமாக இருக்கின்றன. இப்போது எதை வைப்பது? பணியை மேற்பார்வையிடும் கட்டடக்கலைஞர் இந்தக் கேள்வியைப் பார்வையாளர்கள் முன்பே வைத்து, இன்னும் முடிவாகவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அமெரிக்க உள்துறைச் செயலரின் தரநெறிகள் பழைய கட்டடத்தைக் கையாள நான்கு வழிகளைப் பிரித்துச் சொல்கின்றன. இருப்பதை இருக்கும்படி பாதுகாப்பது ஒன்று; புதிய பயன்பாட்டுக்குத் தகுதியாக்குவது மற்றொன்று; குறிப்பிட்ட ஒரு காலத்துத் தோற்றத்துக்கு மீட்பது மூன்றாவது; மறைந்துபோனதை மீண்டும் கட்டுவது நான்காவது. மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தால் எந்தக் காலம் என்ற கேள்வி வருகிறது, அந்தக் காலத்துக்குப் பிந்தியதெல்லாம் வெளியேற வேண்டியிருக்கிறது.

இதற்குப் பாஸ்டன் நகரத்தில், அமெரிக்கப் புரட்சிக்கால வீரர் பால் ரெவியரின் இல்லம் நல்ல எடுத்துக்காட்டு. ஏறத்தாழ 1680இல் கட்டிய அந்த வீட்டை ரெவியர் 1770இல் வாங்கியபோது அதற்கு முன்புறம் மூன்றாம் மாடி இருந்தது. ஜோசப் எவரெட் சாண்ட்லரின் மேற்பார்வையில் 1908இல் மீட்டமைத்துத் திறந்தபோது, 17ஆம் நூற்றாண்டுத் தோற்றத்துக்காக அந்த மாடியை எடுத்துவிட்டார்கள். ரெவியரின் பெயரால் மக்கள் பார்க்க வரும் வீடு, ரெவியர் வாழ்ந்தபோது இருந்த வீட்டின் தோற்றத்தில் இல்லை. அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1910இல், நியூ இங்கிலாந்தின் பழங்கட்டடங்களைப் பாதுகாக்கும் சங்கத்தை வில்லியம் சம்னர் ஆப்பிள்டன் தொடங்கினார். அதுவே இன்று ஹிஸ்டாரிக் நியூ இங்கிலாந்து. என்னிடம் கேட்டால், எங்கள் பண்ணை வீட்டில் பரணில் இருக்கும் அந்த இரண்டு சன்னல்களையும் பழைய இடத்தில் வைத்து, வைரவடிவச் சன்னல் ஒன்றை மட்டும் 20ஆம் நூற்றாண்டு மீட்டமைப்பாளர்களின் கைவேலை என்று எழுதி விட்டுவைக்கலாம் என்பேன். எங்கள் கருத்துகளை எழுதிப் போட ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். நான் இதை எழுதிப் போட்டுவிட்டு வந்தேன்.

குறைகளுக்கு வருகிறேன். வழிகாட்டிகளில் இருவர், காரையையும் மரத்தையும் பற்றிப் பேசும்போது காட்டிய கவனத்தைக் கதைகளில் காட்டவில்லை. சுவருக்குள் நகர்ந்து மறையும் சன்னல் பலகைகளைக் காட்டி, பூர்வகுடியினர் தாக்க வந்தால் மூடிக்கொள்வதற்காக வைத்தவை என்று ஒருவர் சொன்னார். அத்தகைய பலகைகள் 18ஆம் நூற்றாண்டில் குளிரையும் வெயிலையும் அயலார் பார்வையையும் தடுக்க வைத்தவை. தாக்குதல் கதை, ‘இந்தியன் ஷட்டர்’ என்று பிற்காலத்தில் அவற்றுக்கு ஒட்டிக்கொண்ட பெயரோடு வந்தது. அகலமான தரைப் பலகைகளைக் காட்டி, இங்கிலாந்து அரசருக்கு உரிய மரத்தைத் திருட்டுத்தனமாக வெட்டியதற்குச் சான்று என்று இன்னொருவர் சொன்னார். மாசசூசெட்ஸின் 1691ஆம் ஆண்டுச் சாசனம், தனியாருக்கு வழங்கப்படாத நிலத்தில் வளரும், அடியில் 24 அங்குல விட்டத்துக்கு மேற்பட்ட மரங்களைக் கடற்படைக்காக ஒதுக்கி வைத்தது உண்மை. தனியார் நிலத்தில் நின்ற மரத்துக்கு அது பொருந்தாது என்பதால், பலகை அகலமாக இருப்பதை வைத்து மட்டும் யாரையும் கலகக்காரர் ஆக்கிவிட முடியாது. ஓர் அறையில் ஆண்டு வளையத்தைக் கொண்டு குடும்பக் கதையைத் திருத்திய சங்கம், அடுத்த அறையில் இப்படிப்பட்ட கதைகளைச் சோதிக்காமல் விட்டிருப்பது வருத்தமாக இருந்தது. வழிகாட்டிகளுக்கு அரைநாள் பயிற்சி கொடுத்தாலே இது சரியாகிவிடும்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. இந்த வீட்டின் உரிமையாளர் ஒருவர் இறந்தபின் எழுதப்பட்ட சொத்துப் பட்டியலின் நகலை மாடியறையில் மாட்டியிருந்தார்கள். பித்தளைப் பாத்திரங்கள், ஒரு ஜோடி எருது, கட்டில், போர்வை ஆகியவற்றின் நடுவே, பவுண்டுக் கணக்கில் விலை குறித்து, பெயர் எழுதாமல் ஓர் அடிமைப் பெண் பட்டியலிடப்பட்டிருந்தாள். மாசசூசெட்ஸ் 1641ஆம் ஆண்டிலேயே தன் சட்டத்தொகுப்பில் அடிமை முறைக்கு இடம் கொடுத்தது. குவாக் வாக்கர் என்ற அடிமையின் விடுதலை வழக்கில் தலைமை நீதிபதி வில்லியம் குஷிங் 1783இல் அளித்த கருத்துக்குப் பிறகே அங்கே அது வலுவிழந்தது. வட மாநிலப் பண்ணை வீடுகளில் இது நடக்கவில்லை என்று நினைக்கும் பலருக்கு அந்த ஒரு வரி கண்ணைத் திறந்திருக்கும். ஆனால் தாள் செங்குத்தான படியேறிய பிறகு, கதவுக்குப் பின்னால், மங்கலான வெளிச்சத்தில் இருந்தது. நான் நின்ற பத்து நிமிடத்தில் அதைப் படித்தவர்கள் மூவர். அந்தப் பெண் வேலை செய்திருக்கக்கூடிய அடுக்களை கீழே இருக்கிறது. தாளும் அங்கேதான் இருந்திருக்க வேண்டும், அந்த அடுப்புக்கு எதிரில், வழிகாட்டி நின்று படித்துக்காட்டும் இடத்தில். நிலத்தின் முந்திய உரிமையைப் பற்றியும் நுழைவாயிலில் ஒரு வாக்கியம் மட்டுமே இருந்தது. அகவாம் பூர்வகுடித் தலைவர் மஸ்கொனோமெட் 1638இல் இப்ஸ்விச் நிலத்தை 20 பவுண்டுக்கு ஜான் வின்த்ராப் இளையவருக்கு எழுதிக் கொடுத்த பத்திரம் இந்த மாவட்டத்தில் எல்லாரும் அறிந்தது. அதையாவது அங்கே விரித்துச் சொல்லியிருக்கலாம்.

ஏற்பாடுகளில் படிக்கட்டுதான் சிக்கல். புகைபோக்கிக்கு முன்னால் மூன்றடி இடத்துக்குள் சுருண்டு ஏறும் ஒரே படி அது. இறங்குகிறவர்கள் முடித்த பின்தான் ஏறுகிறவர்கள் கால் வைக்க முடியும். நேரம் குறித்த சீட்டு கொடுக்காததால், நண்பகலில் நாற்பது நிமிடம் வெயிலில் நின்றோம். எங்களுக்கு முன்னால் கைத்தடியுடன் வந்த முதியவர் ஒருவர் வரிசை முழுதும் நின்று, படியைப் பார்த்ததும் திரும்பிவிட்டார். மாடியின் படங்களைக் கீழே ஒரு கோப்பில் வைத்திருந்தார்கள் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. நாங்கள் சொன்ன பிறகு அவர் அதை வாங்கி, நிழலில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். ஒரு திரையில் காணொளியாகவே ஓட விட்டிருக்கலாம். பாதுகாப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அமெரிக்காவில் வீட்டு வண்ணங்களில் ஈயத்துக்கு 1978இல் தடை வந்தது. அதற்கு முந்திய வண்ணம் எங்கே சுரண்டப்படுகிறதோ அந்த அறையைப் பிளாஸ்டிக் திரையால் மூடி, வாசலில் ஒட்டும் மிதியடி போட்டு, சிறு குழந்தைகளோடு வந்தவர்களைத் தனியாக அழைத்து விளக்கினார்கள்.

வெளியே பொருளாளர் கணக்கைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊராரின் வரிப்பணமும் இந்தப் பணியில் இருக்கிறது. மாசசூசெட்ஸின் 2000ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தை ஏற்றுக்கொள்ளும் ஊர்கள், சொத்து வரியோடு 3 சதவீதம் வரை கூடுதலாக வசூலித்து, வரலாற்றுக் கட்டடங்களுக்கும் திறந்தவெளிகளுக்கும் குறைந்த விலை வீடுகளுக்கும் செலவிடலாம். அதனால், ஏன் இவ்வளவு செலவு என்று ஒருவர் சற்றுக் கோபமாகக் கேட்டபோது, பொருளாளர் அவரைத் தெற்குச் சுவருக்கு அழைத்துச் சென்று மக்கிய மரத்தைக் கையில் கொடுத்தார். அவர் அதைப் பிசைந்து பார்த்துவிட்டு, தச்சரிடம் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்.

இலையுதிர் காலத்தில் காரை பூசத் தொடங்குவதற்கு முன் இன்னொரு பார்வை நாள் வைக்கப் போவதாகச் சொன்னார்கள். இப்படிப்பட்ட ஒரு நாளுக்குப் போகிறவர்கள் திறக்கும் நேரத்துக்கே போய், முதலில் மாடியைப் பார்த்துவிடுங்கள். தச்சர் மாலை வரை வெளியேதான் இருப்பார், அவரிடம் அவசரமில்லாமல் வரலாம். தரை சமமாக இல்லை, ஆணி முனைகளும் உண்டு என்பதால் மூடிய காலணி வேண்டும். கைவிளக்கு ஒன்று எடுத்துச் செல்லுங்கள். மரத்தின் மேல் நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் கோடாரித் தடமும் தச்சர்களின் எண்களும் தாமாகத் தெரியும். மாடியறைக் கதவுக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பட்டியலுக்கும் அதே விளக்கு தேவைப்படும்.